மூன்றாம் வயதுக் கோழி

நாமக்கல் பண்ணைக் கோழிக்கு மூன்றாம் வயது என்று ஒன்று கிடையாது. இருபது வாரம் வாக்கில் முட்டையிடத் தொடங்கும். 72 முதல் 80 வாரம் வரை கூண்டில் நின்றபடி இட்டுத் தள்ளும். முட்டை குறைந்ததும் கறிக்கு லாரி ஏறிவிடும். 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் 12 கோடிக்கும் மேற்பட்ட கோழிகளோடு நாட்டிலேயே முதலிடம் பிடித்த மாநிலம் நம்முடையது. அவற்றில் பெரும்பங்கு முதுமை என்பதையே காணாமல் போய்விடுகிறது. கோழிக்கு வயதானால் என்னவாகும் என்று பார்க்க நினைப்பவர் பண்ணைக்குப் போய்ப் பயனில்லை, வீட்டுக் கொல்லைக்குத்தான் போக வேண்டும்.

கோட்டைப்பட்டினத்தில் அந்தக் கொல்லை இன்னும் இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்கு விளிம்பில், பாக் நீரிணையைப் பார்த்தபடி கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிக் கிடக்கும் ஊர் அது. விசைப்படகுத் துறை, ராவுத்தர் அப்பா தர்கா, கருவாடு காயும் மணல். இப்படிப்பட்ட கடலோர ஊர்களில் வீட்டுக்கு நாலைந்து கோழி சாதாரணம். பகலெல்லாம் மீன் செதிலையும் குடலையும் கிளறித் தின்னும், பொழுது சாய்ந்தால் பஞ்சாரத்துக்கு வந்துவிடும். விருந்தாளி வந்தால் சேவல் போகும். ஒழுங்காக முட்டையிட்டு, அடை உட்கார்ந்து, பருந்துக்குக் கொடுக்காமல் குஞ்சு வளர்க்கும் தாய்க்கோழி மேல் மட்டும் கை வைக்க மனசு வராது. அது மூன்று வயதையும் தாண்டி, நான்கு ஐந்து வரைகூட இருக்கும். வினையும் அதற்குத்தான் வரும். "ரெண்டு நாளா கூடையில ஏறி எறங்குது, முட்டை போட மாட்டேங்குது." "தோல் முட்டையாப் போடுது." "வயிறு தொங்கிப் போச்சு, நடக்கவே மாட்டேங்குது." மூன்றும் வெவ்வேறு நோய்போலத் தெரியும். மூன்றுக்கும் வேர் முட்டையிடும் உழைப்பில் இருக்கிறது.

அந்த உழைப்பு எவ்வளவு பெரியது என்பது முட்டையை உடைத்து ஊற்றிச் சாப்பிடும் நமக்குத் தெரிவதில்லை. கருவில் இருக்கும்போது கோழிக்கும் இரண்டு சூலகம் உருவாகின்றன. வலப்பக்கத்தது வளராமல் சுருங்கிவிடும். இடப்பக்கச் சூலகமும் அதனோடு சேர்ந்த ஒற்றை முட்டைக்குழாயும்தான் ஆயுள் முழுக்க வேலை செய்பவை. சூலகத்தில் பழுத்துக் கழன்று விழும் மஞ்சள்கருவைக் குழாயின் புனல் போன்ற வாய் பிடிக்கிறது. அடுத்த மூன்று மணி நேரம் வெள்ளைக்கரு சேருகிறது. ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் சவ்வு போர்த்தப்படுகிறது. பிறகு ஓட்டுச் சுரப்பியில் ஏறத்தாழ 20 மணி நேரம் தங்கி ஓடு கட்டுகிறது. மொத்தம் 25, 26 மணி நேரம். இன்று காலை எட்டு மணிக்கு இட்ட கோழி நாளை ஒன்பதைத் தாண்டி இடுவதும், நேரம் இப்படிப் பின்தள்ளிப் போய் ஒரு நாள் இடாமல் விடுவதும் இதனால்தான்.

ஓட்டின் எடை ஐந்தாறு கிராம். அதில் சுண்ணாம்புச் சத்தான கால்சியம் மட்டும் இரண்டு கிராம் இருக்கும். கோழியின் இரத்தத்தில் ஒரு நேரத்தில் இருக்கும் கால்சியமோ மில்லிகிராம் கணக்கு. ஆகவே இரவு முழுவதும் குடலிலிருந்தும் எலும்பிலிருந்தும் கால்சியம் இரத்தத்தில் ஓயாமல் இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். இதற்கென்றே முட்டையிடும் பறவைகளின் கால் எலும்புக் குழிகளில் தனியாக ஒரு பஞ்செலும்பு வளர்கிறது. தீனியில் வராததை இதிலிருந்து கடன் வாங்கி ஓடு கட்டும், மறுநாள் தின்று அடைக்கும். கடன் அடையாமல் போனால் உடம்பைத் தாங்கும் எலும்பே கரையத் தொடங்கும்.

ஓடு பெரும்பாலும் கட்டப்படுவது இரவில், கோழி தின்னாமல் தூங்கும் நேரத்தில். இங்கேதான் கடற்கரைக் கோழிக்கு ஓர் அனுகூலம் உண்டு. மாலையில் கோழிக்குச் சுண்ணாம்பின் மேல் தனி நாட்டம் வரும். கிடைத்தால் கிளிஞ்சல் துண்டுகளைப் பொறுக்கித் தின்னும். பொடியாக்கிய சுண்ணாம்பு குடல் வழியே சீக்கிரம் போய்விடும். அரிசி பருமனுள்ள கிளிஞ்சல் துண்டோ அரைப்பையில் தங்கி இரவெல்லாம் மெல்லக் கரையும். தீவனத் தொழிற்சாலைகள் காசு கொடுத்து வாங்கிக் கலக்கும் ஷெல் கிரிட் இதுதான். கோட்டைப்பட்டினத்துக் கோழிக்கு அது காலடியில் கிடக்கிறது. உப்புப் போக நல்ல தண்ணீரில் அலசி, காயவைத்து, இடித்துத் தனி ஓட்டில் வைத்தால் போதும். தீனியோடு கலக்க வேண்டியதில்லை. எவ்வளவு வேண்டும் என்று கோழிக்கே தெரியும்.

வயதானால் கணக்கு மாறுகிறது. கிழட்டுக் கோழி குறைவாக இடும், ஆனால் பெரிய முட்டையாக இடும். ஒரு முட்டைக்கு அது இறக்கும் சுண்ணாம்பின் அளவோ கூடுவதில்லை. இருந்த சுண்ணாம்பைப் பெரிய பரப்பில் பரப்புவதால் ஓடு மெலிகிறது. போதாக்குறைக்கு, குடல் கால்சியத்தை உறிஞ்சும் திறனும் வயதோடு குறைகிறது. முதலில் ஓடு சொரசொரப்பாகும், பிறகு விரல் பட்டால் நொறுங்கும், கடைசியில் சவ்வு மட்டும் போர்த்திய தோல் முட்டை வரும்.

தோல் முட்டை மெத்தென்று இருப்பதால் சுலபமாக வழுக்கி வந்துவிடும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. முட்டைக்குழாயின் தசைகள் அழுத்தித் தள்ளுவதற்கு உள்ளே கெட்டியான ஒன்று வேண்டும். மெத்தென்ற முட்டை அழுத்தும் இடத்தில் அமுங்கி, நின்ற இடத்திலேயே நிற்கும். தசை சுருங்குவதற்கும் கால்சியம்தான் வேண்டும். ஒரே குறை ஓட்டையும் கெடுத்து, தள்ளும் சக்தியையும் கெடுக்கிறது. கூடையில் ஏறி இறங்கும் கோழியின் கதை பெரும்பாலும் இதுதான்.

இனி, கடலோர ஊருக்கே உரிய ஒரு சங்கதி. 1980களில் ஆஸ்திரேலியாவின் சிட்னிப் பல்கலைக்கழகத்தில் டெரிக் பால்னேவ் என்பவரும் அவருடைய குழுவினரும் முட்டைக் கோழிகளுக்கு உப்புக் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்துப் பார்த்தார்கள். கடல் நீர் அல்ல, அந்த நாட்டு ஆழ்துளைக் கிணறுகளில் இயல்பாகக் கிடைக்கும் அளவுக்கு உப்புள்ள தண்ணீர். கோழிகள் நோய்வாய்ப்படவில்லை, தீனியைக் குறைக்கவில்லை. ஓடு மட்டும் கெட்டது. விரிசல், மெல்லிய ஓடு, ஓடில்லாத முட்டை எல்லாம் கூடின. நல்ல தண்ணீருக்கு மாற்றிய பிறகும் கோளாறு உடனே சரியாகவில்லை. ஓட்டுச் சுரப்பியில் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது. கார்பன் டை ஆக்சைடையும் தண்ணீரையும் சேர்த்து, ஓட்டுக்கு வேண்டிய கார்பனேட்டுக்கு வழி செய்வது அதுதான். உப்புத் தண்ணீர் குடித்த கோழிகளில் இந்த நொதியின் வேகம் குறைந்திருந்தது.

கடலோரத்தில் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் கரிப்பது புதிதல்ல. நாம் அதைக் குடிப்பதில்லை. குழாயிலோ வண்டியிலோ வரும் நல்ல தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைத்துக்கொள்கிறோம். கோழிக்கு மட்டும் கரிப்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு, அதற்கு மேல் கருவாட்டுத் தூளையும் போடுகிறோம். கோழி ஒரு நாளைக்குக் குடிப்பது கால் லிட்டர் அளவுதான், வெயில் காலத்தில் இன்னும் கொஞ்சம் கூடும். நாலு கோழிக்கு ஒரு செம்பு நல்ல தண்ணீர் ஒதுக்குவது பெரிய செலவல்ல. கிளிஞ்சல் வைத்தும் ஓடு தேறவில்லை என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது தண்ணீர்ச் சட்டியைத்தான்.

வெயிலும் அதே இடத்தில்தான் அடிக்கிறது. கோழிக்கு வியர்வை கிடையாது. வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். இரைக்க இரைக்க இரத்தத்திலுள்ள கார்பன் டை ஆக்சைடு வெளியேறிவிடும். ஓட்டுக்கு வேண்டிய மூலப்பொருளே அதுதானே. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கரையில் மீன் கழிவு குறைவதும் அப்போதுதான், அக்னி நட்சத்திரம் கொளுத்துவதும் அப்போதுதான். வயதான கோழிக்கு ஆண்டின் மோசமான இரண்டு மாதம் அது. நிழலும் நல்ல தண்ணீரும் அந்த நாட்களில் மருந்துக்குச் சமம்.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு கிழட்டுக் கோழி மட்டும் தோல் முட்டை இட்டால் அது வயதின் கோளாறு. இருக்கிற கோழியெல்லாம் ஒரே வாரத்தில் கோணல் முட்டையும் தோல் முட்டையும் இட்டால், அல்லது எல்லாம் சேர்ந்து இடுவதையே நிறுத்தினால், அது தொற்று. வெள்ளைக்கழிச்சல் என்று நாம் சொல்லும் ராணிக்கெட் நோய் முட்டைக்குழாயையும் விட்டுவைப்பதில்லை. பிப்ரவரி மாதத்தில் கால்நடை பராமரிப்புத் துறை நடத்தும் இலவசத் தடுப்பூசி முகாமுக்குக் கிழட்டுக் கோழியையும் கூடையில் போட்டுத் தூக்கிப் போக வேண்டும். "இதுக்கு இனி எதுக்கு ஊசி" என்று வீட்டில் விட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு.

முட்டை சிக்கிய கோழி வாலை ஆட்டி ஆட்டி முக்கும், இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கும், தீனி எடுக்காது. எச்சம் போகும் வழியும் அடைபடுவதால் ஒன்றிரண்டு நாளில் செத்தும் போகலாம். கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரை ஒரு சட்டியில் ஊற்றி, கோழியின் அடிவயிறு நனையும்படி கால் மணி நேரம் பிடித்து வைத்திருந்து, பிறகு துடைத்து, இருட்டான இடத்தில் கூடையைக் கவிழ்த்து வைத்தால் பல நேரம் முட்டை வந்துவிடும். வயிற்றைப் பிசையக் கூடாது. உள்ளே விரலை விட்டு முட்டையை உடைக்கவே கூடாது. உடைந்த ஓடு குழாயைக் கிழித்தால் அதற்கு மேல் நாட்டு வைத்தியம் இல்லை. மாட்டுக்குச் சொல்வதுபோல அடி தள்ளி, பின்துவாரத்தில் சிவந்த சதை வெளியே தெரிந்தால், முதல் வேலையாக மற்றக் கோழிகளிடமிருந்து அதைப் பிரிக்க வேண்டும். சிவப்பைக் கண்டால் கொத்துவது கோழிகளின் குணம். கொத்திக் குடலையே இழுத்துவிடும்.

சில கோழிகளுக்கு மஞ்சள்கரு குழாயின் வாய்க்குள் போகாமல் தவறி வயிற்றுக்குள் விழும். எப்போதாவது ஒன்று விழுந்தால் உடம்பு அதை உறிஞ்சிக்கொள்ளும். வயதான கோழிக்குக் குழாய் வாய் சரியாகப் பிடிக்காமல் போகும்போது இது வாடிக்கையாகிவிடும். குடலிலுள்ள ஈ.கோலை பாக்டீரியா அங்கே வந்து சேர்ந்தால் மஞ்சள்கரு அழுகி, வயிற்றுச் சவ்வு வீங்கி, நீர் கோத்துக்கொள்ளும். வயிறு தொங்கி, கோழி உடம்பை நிமிர்த்திக்கொண்டு கால் அகட்டி நடப்பது அப்போதுதான். முட்டைக்குழாயிலேயே சீழ் பிடிப்பதும் உண்டு. அந்தச் சீழ் மனிதருக்கு வருவதுபோல நீராக இருக்காது, பாலாடைக்கட்டி போல இறுகிவிடும். சில கோழி அதை முட்டைபோலவே வெளியே தள்ளும். முட்டை என்று எடுத்துக் கத்தியால் வெட்டினால் உள்ளே வெங்காயம்போல அடுக்கடுக்காக மஞ்சள் சீழ் இருக்கும். இதற்கெல்லாம் கால்நடை மருத்துவர்தான் மருந்து தர வேண்டும். ஆன்டிபயாடிக் கொடுத்த கோழியின் முட்டையை அவர் சொல்லும் நாள் வரை சாப்பிடக் கூடாது. மெடிக்கலில் மனிதருக்கு வாங்கிய மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடுவது வேண்டாம்.

வயிறு வீங்க இன்னொரு காரணம் உண்டு. கிழட்டுக் கோழிக்குச் சூலகப் புற்றுநோய் வரும். நாம் ஊட்டி வரவழைப்பதல்ல, தானாக வருவது. விலங்குகளில் இப்படித் தானாகவே, மனிதப் பெண்களுக்கு வருவதைப் போன்ற சூலகப் புற்றுநோய் அடிக்கடி வருவது கோழிக்குத்தான். அதனால் பெண்களின் புற்றுநோயை ஆராய்கிறவர்கள் வயதான கோழிகளை வளர்க்கிறார்கள். எகிப்து நாட்டு மகப்பேறு மருத்துவர் மஹ்மூத் ஃபதல்லா 1971இல் லான்செட் இதழில் ஒரு கருத்தை முன்வைத்தார். ஒவ்வொரு முறை முட்டை வெளியேறும்போதும் சூலகத்தின் மேல்தோல் கிழிந்து ஆறுகிறது, ஓய்வில்லாமல் கிழிந்து ஆறுவதே புற்றுக்கு வழி விடுகிறது என்றார். பல பிள்ளை பெற்றுப் பாலூட்டிய பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் குறைவு என்பது அதோடு பொருந்துகிறது. கோழியிலும் பார்த்தார்கள். மரபுக் குறையால் முட்டையே அரிதாக வெளியேறும் ஒரு கோழி வகை உண்டு. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதை வைத்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், அவற்றுக்குச் சூலகப் புற்று மிகக் குறைவாகவே வந்தது தெரிந்தது. தீனியைக் குறைத்து, அதனால் குறைவாக முட்டையிட்ட கோழிகளிலும் அப்படியே.

இதையெல்லாம் படிக்கும்போது எனக்கு நம் அடைக்கோழியின் ஞாபகம்தான் வந்தது. காட்டுக்கோழி ஆண்டுக்கு இடுவது ஒரு டஜன் வாக்கில்தான். நம் சிறுவிடை, பெருவிடைக் கோழிகள் ஈட்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டை என்று ஆண்டில் மூன்று நான்கு ஈடு இடும். 30 முதல் 60 முட்டை தேறும். வெள்ளை லெகார்ன் 300ஐத் தாண்டும். ஹைதராபாத் கோழி ஆராய்ச்சி இயக்குநரகம் உருவாக்கிப் புறக்கடைக்கென்று கொடுத்த வனராஜா, கிராமப்ரியா போன்றவை இரண்டுக்கும் இடையில். முட்டை கூடக்கூட அடை உட்காரும் குணம் குறைந்துகொண்டே வருகிறது. அதிகம் இடும் இனமாகத் தேர்ந்தெடுத்ததில் அடையைத்தான் நாம் கழித்துக்கட்டினோம்.

அடை உட்கார்ந்த கோழியின் உடம்பில் புரோலாக்டின் என்ற ஹார்மோன் கூடி, சூலகம் சுருங்கிவிடும். 21 நாள் அடை, அதன் பிறகு குஞ்சோடு திரியும் இரண்டு மூன்று மாதம். அத்தனை நாளும் முட்டை வெளியேறுவதில்லை, ஓட்டுச் சுரப்பிக்கு வேலையில்லை, எலும்பு பட்ட கடனை அடைத்துக்கொள்கிறது. வருஷத்தில் பாதிக்கு மேல் ஓய்வு. மேலை நாடுகளில் செல்லமாக வளர்க்கும் கிழட்டுக் கோழிக்கு முட்டையிடுவதை நிறுத்த டெஸ்லோரெலின் என்ற மருந்தைத் தோலுக்கடியில் பதிக்கிறார்கள். அங்கே ஊசி போட்டு வாங்கும் ஓய்வு இங்கே அடையில் இலவசமாகக் கிடைக்கிறது.

அதையும் நாம் விடுவதில்லை. நாட்டுக்கோழி முட்டைக்கு விலை ஏறிவிட்டதால் அடையைத் தெளிய வைக்கும் வேலை மும்முரமாக நடக்கிறது. கோழியைத் தண்ணீரில் முக்கி எடுக்கிறார்கள், மூக்குத் துளையில் இறகைச் செருகி விடுகிறார்கள், முட்டையை மெஷினில் வைத்துப் பொரித்துக்கொள்கிறார்கள். வெடைக்கோழிக்கு இது ஒரு தரம் இரு தரம் என்றால் பெரிய கேடில்லை. மூன்று வயதைத் தாண்டிய கோழிக்குச் செய்வது வீண் வேலை என்பதே என் கருத்து. பத்து முட்டைக்கு ஆசைப்பட்டுக் கோழியையே இழப்பதில் முடியும்.

கிழட்டுக் கோழியைப் பற்றிப் பேசும்போது கூவும் பெட்டையை விட்டுவிட முடியாது. பெட்டைக் கோழி கூவினால் வீட்டுக்கு ஆகாது என்று உடனே அறுத்துவிடும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. கூவுவதற்குக் காரணம் அதே இடப்பக்கச் சூலகம்தான். நோயிலோ புற்றிலோ அது அழிந்துபோனால் பெண் ஹார்மோன் நின்றுவிடும். கருவிலேயே சுருங்கிக் கிடந்த வலப்பக்கத்து உறுப்பு வளரத் தொடங்கும், அதுவும் விதைபோல. கொண்டை பெருக்கும், குதிமுள் வளரும், சேவல் இறகு முளைக்கும், ஒரு நாள் விடியலில் கூவியே விடும். எடின்பரோவில் எஃப்.ஏ.இ. குரூ என்ற விஞ்ஞானி 1923இல் இப்படி ஒரு கோழியை விவரித்திருக்கிறார். முட்டையிட்டுக் குஞ்சு வளர்த்த அந்தக் கோழி பிறகு சேவலாக மாறி இரண்டு குஞ்சுக்குத் தகப்பனும் ஆனது என்பது அவர் பதிவு. அறுத்துப் பார்த்தபோது சூலகம் நோயால் அழிந்திருந்தது. கூவும் பெட்டையால் வீட்டுக்கு எந்தக் கேடும் இல்லை, கேடு அதன் வயிற்றுக்குள் நடந்து முடிந்திருக்கிறது. இனி முட்டை எதிர்பார்க்க வேண்டாம் என்பதுதான் அந்தக் கூவலின் பொருள்.

கோழி ஒரு நாளுக்கு மேல் முட்டைக்கு முக்கினாலோ, வயிறு தொங்கினாலோ 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்து நடமாடும் கால்நடை மருத்துவ வண்டியைக் கேளுங்கள். "கோழிக்குப் போயா" என்று தயங்க வேண்டாம். செத்துப்போனால் குழி தோண்டுவதற்கு முன்னால் பக்கத்துக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோய் அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கொஞ்சம் தொலைவு போக முடிந்தவர்களுக்கு ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. உள்ளே இருந்தது புற்றா, சீழா, கழிச்சலா என்று தெரிந்தால், மீதமுள்ள கோழிகளுக்குச் செய்ய வேண்டியது கிளிஞ்சலா, தண்ணீர் மாற்றமா, தடுப்பூசியா என்று அன்றைக்கே முடிவு செய்துவிடலாம்.